நாளைக்கு

வழக்கு முழுவதும் ஒரே சொல்லில் நிற்கிறது.

பொசனுக்கு முதல் நாள்.
கெய்சர் வீதியில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
கல்குலேட்டரிலிருந்து தலையை எடுக்காமல்
முதலாளி சொன்னார்:
"நாளைக்கு வரத் தேவையில்ல."

நாளைக்குப் போயா.
போயாவுக்கு யார்தான் கடை திறப்பார்?
சரி எண்டு குடையை எடுத்தேன்.

மறுநாள் கொட்டாஞ்சேனைச் சந்தியில் தன்சல்.
வேலை போனது தெரியாமல்
முக்கால் மணித்தியாலம் வெயிலில் வரிசையில் நின்று
தேங்காய்ச் சொட்டுப் போட்ட கடலை வாங்கித் தின்றேன்.
இன்னொரு தரமும் போனேன்.
அவ்வளவு ருசி.

அதற்கும் அடுத்த நாள்
என் கதிரையில் வேறொரு பிள்ளை.
என் பச்சைப் பேனையால் எழுதிக்கொண்டிருந்தாள்.
நிஃப்ராஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.
எண்ணி முடித்த பிளாஸ்டிக் வாளி அடுக்கை
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
சேவை முடிவுறுத்தப்பட்ட திகதி.
எதைப் போடுவது?
சொன்ன நாளையா,
சொல்லுக்குள் இருந்த நாளையா,
எனக்கு விளங்கின நாளையா?
"எதையாவது போடுங்கோ தங்கச்சி" என்றார் சங்கத்து அருளப்பு,
"ஆறு மாசம் முடிய
ஒன்பது நாள்தான் இருக்கு."

எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு மெல்லிய குரல்.
அம்மணியை யாரும் நிறுத்தவில்லை,
முதலாளி போயா லீவைத்தான் சொன்னார்,
பிறகு வராமல் விட்டது அம்மணிதான்.
மொழிபெயர்ப்பாளர் என் 'நாளைக்கு'வை
'ஹெட்ட' என்று மேசையில் வைத்தார்.
சரிதான். பிழை சொல்ல முடியாது.
ஆனால் அதில் கல்குலேட்டர் இல்லை,
பாதி இறங்கிய ஷட்டர் இல்லை,
ஏப்ரலுக்கும் மேக்கும் தராத
எண்பத்து நாலாயிரம் இல்லை.

அதுவும் தந்தாயிற்றாம். அத்தாட்சி இருக்காம்.
நீலத் துணி அட்டைப் பதிவேடு வந்தது.
ஏப்ரல், பெற்றுக்கொண்டேன்.
மே, பெற்றுக்கொண்டேன்.
பதினொரு பேருடைய பெயரும் என் எழுத்து.
தொழில் திணைக்களத்திலிருந்து ஆள் வருகுது எண்டு
ஒரு மத்தியானம் பதறிப் பதறி எழுதினது.
முதல் கையொப்பமும் நான்தான் வைத்தேன்,
மற்ற ஆக்கள் தயங்கக் கூடாதென்று.

இது உங்களுடைய கையொப்பமா?
ஓம்.
யாரும் கையைப் பிடித்து எழுதவைத்தார்களா?
இல்லை.
எட்டு வருடம் ஒரு சதம் பிழைக்காத எழுத்து.
இவ்வளவு வடிவாகவா எழுதித் தொலைத்திருக்கிறேன்.

தலைவர் அம்மா பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினார்.
மார்ச், பெப்ரவரி, ஜனவரி.
"ஓரத்தில் இந்தப் பென்சில் கோடு என்ன?"

நானே மறந்துபோன கோடு.
காசை எண்ணிக் கையில் கொடுத்த பிறகு
பெயருக்குப் பக்கத்தில் ஒன்று கீறுவேன்.
யாரும் சொல்லித் தந்ததில்லை,
எனக்கு நித்திரை வருவதற்காக.

மார்ச்சில் பதினொரு கோடு.
ஏப்ரலில்
அவர் கொப்பியை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.
சட்டத்தரணி எழும்பினார்.
மின்விசிறி சுற்றியது.
தவணை, அடுத்த மாதம் பத்தொன்பது.

நாரஹேன்பிட்டியிலிருந்து நூற்று மூன்றாம் பஸ்.
கொண்டக்டர் மிச்சம் இருபது ரூபாவை
இறங்கும்போது தருவதாகச் சொல்லிப் போனார்.
போன் அடித்தது. நிஃப்ராஸ்.
"அக்கா, முதலாளி கதைக்கணுமாம்,
நாளைக்குக் கடைக்கு வரட்டாம்."

"நாளைக்கு எண்டா என்ன திகதி?
எழுத்தில தரச் சொல்லு தம்பி."

அந்தப் பக்கம் வாளிகள் உரசும் சத்தம்.
அவன் சிரித்தானா, தெரியாது.

கோட்டை வரும்வரைக்கும்
கொண்டக்டரின் முதுகை விட்டுக்
கண்ணை எடுக்கவில்லை நான்.